எண்பதாவது நிமிடம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. பஸ் பணிமனையில் அவர் டைம்கீப்பர். கால்பந்து மைதானத்தில் ‘எண்பது’. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் எண்பதாவது நிமிடம் ஆனதும், வானமே இடிந்து விழுந்தாலும், எழுந்து போய்விடுகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

பணிமனை வாசலில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், சுவரில் ஒரு கடிகாரம், அதை நம்பாமல் அவர் கையில் கட்டியிருந்த இன்னொன்று. டிரைவர்கள் ஜன்னல் வழியே டிரிப் ஷீட்டை நீட்டினால் புறப்படும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். இரண்டு நிமிடம் தாமதித்த டிரைவரிடம் சத்தம் போடமாட்டார். ஒருவேளை தன் கடிகாரம்தான் முந்தி ஓடிவிட்டதோ என்று அப்பாவியாகக் கேட்டுக்கொண்டே சிவப்பு மையால் குறிப்பார். அதற்குக் கன்னத்தில் நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள் டிரைவர்கள். வீட்டிலும் அதே ஆட்சிதான். அடுப்பில் பால் எப்போது பொங்க வேண்டும் என்பதற்குக்கூட இந்த மனிதர் அட்டவணை போட்டிருக்கிறார் என்று மனைவி தன் தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுவோம். தாய் கண்ணை மூடியபோது அவனுக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினேழு. குளிப்பாட்டியதும் பள்ளிக்கூடம் அனுப்பியதும் காய்ச்சலில் கண்விழித்ததும் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோது, தம்பியும் கூட வருவான், சம்மதமென்றால் மேலே பேசலாம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். டைம்கீப்பர் மறுபேச்சு பேசவில்லை. நல்லதையும் சொல்ல வேண்டுமல்லவா? பையனுக்குத் தனியாக ஒரு கட்டிலும், முதல் மாதமே ஒரு ஜோடி பூட்ஸும் வாங்கிக் கொடுத்தவர் அவர்.

பூட்ஸ் வீண்போகவில்லை. இருபது வயதில் அவன் துறைமுக அணியில் சேர்ந்தான். அத்துடன் சரி. அதற்குப் பிறகு ஏழு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மாற்று ஆட்டக்காரனாக அவன் பெயர் பட்டியலில் இருக்கும், ஆட்டத்தில் கால் படாது. அவனுக்கு முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் அடியும் படவில்லை, காய்ச்சலும் வரவில்லை, கல்யாணம்கூட ஆட்டமில்லாத நாளாகப் பார்த்துத்தான் நடந்தது. ஊர் அவனுக்கும் ஒரு பெயர் வைத்தது: ‘பெஞ்சு’. எண்பதும் பெஞ்சும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள்.

அக்கா ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. கிழக்கு காலரியில் மூன்றாவது வரிசை, ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்கு நேர் பின்னால். ஆட்ட விதிகள் அவளுக்குப் பாதிதான் தெரியும். அவள் பார்த்ததெல்லாம் தம்பியின் முதுகைத்தான். இன்றைக்கு இறக்கிவிடுவார்களா என்பதுதான் அவளுடைய ஆட்டம். இலவு காத்த கிளி என்று பக்கத்து வரிசைக்காரர்கள் சொன்னது காதில் விழுந்தாலும் விழாதது போல் இருந்துகொள்வாள். ஆட்டம் தொடங்கும் முன் தம்பி ஒருமுறை திரும்பி இருவரையும் பார்ப்பான். எண்பதாவது நிமிடத்தில் இன்னொருமுறை திரும்பி, போய் வாருங்கள் என்று கையைத் தூக்குவான்.

எண்பதுக்குக் காரணம் ஐந்து நாற்பது பஸ். நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கினால், இடைவேளையும் சேர்த்து எண்பதாவது நிமிடம் ஐந்து முப்பத்தைந்துக்கு வரும். வாசலுக்கு நாலு நிமிட நடை. ஐந்து நாற்பது பஸ்ஸில் உட்கார்ந்து போகலாம். அதை விட்டால் ஆட்டம் முடிந்த கூட்டத்தோடு ஐந்து ஐம்பத்திரண்டு பஸ்ஸில் தொங்க வேண்டும். இடையில் பன்னிரண்டே நிமிடம். அந்த அட்டவணையை எழுதியவரே அவர்தான்.

இனி அந்த ஆட்டத்துக்கு வருவோம். எதிரணி வங்கி அணி. அந்த ஆண்டு பட்டியலில் முதலிடம், ஒரு தோல்விகூட இல்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இஸ்திரி கலையாமல் ஜெயித்துவிட்டுப் போகிறவர்கள். முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். இரண்டாம் பாதியில் துறைமுகம் ஓடியது, விழுந்தது, நடுவரிடம் கத்தியது; பந்து மட்டும் வலைக்குள் போகவில்லை. எழுபத்தைந்தாவது நிமிடத்தில் துறைமுக ஆட்டக்காரன் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து கோட்டோரமாக ஓட ஆரம்பித்தான்.

அக்கா கணவரின் முழங்கையைப் பிடித்தாள்.

“ஏங்க, தம்பிய பாருங்க. உடம்ப சூடேத்துறான்.”

டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நேரம்.

“ஏழு வருஷமா சூடேத்துறான். சோறு வெந்த பாட்டத்தான் காணோம்.”

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கும் தன் நகைச்சுவை பிடித்திருந்தது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் எழவில்லை.

“இன்னைக்கு ஒரு நாள் இருப்போமே. அடுத்த பஸ் வரும்ல?”

அவர் உட்காரவில்லை. எழுந்து நிற்பதே பதில் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கல்யாணமாகிப் பல வருடம் ஆன பெண்ணுக்கு எதற்குச் சண்டை போடலாம், எதற்கு விட்டுவிடலாம் என்று ஒரு கணக்கு இருக்கும். அன்று அவள் அதைத் தப்பாகப் போட்டாள். குடையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே படியிறங்கினாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்ற ஒரு நிமிடத்தில் மைதானத்துக்குள்ளிருந்து பெரிய சத்தம் எழுந்தது. வெற்றிலைபாக்குக் கடைக்காரர்கூடத் தெருவுக்கு வந்துவிட்டார். அவள் வாசல் பக்கம் இரண்டடி வைத்தாள். அது ஆறுதல் கோல், இரண்டில் ஒன்று போனால் தோல்வி தோல்விதான் என்று டைம்கீப்பர் விளக்கினார். அதற்குள் ஐந்து நாற்பது சொன்னபடி ஐந்து நாற்பதுக்கே வந்தது. காலி இருக்கைகள் இருந்தன. அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார்.

பஸ் மைதானத்து மதிலைச் சுற்றிக்கொண்டு போய் ரயில்வே கேட்டில் நின்றது. கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் போகிற வேகத்தில் போனது. அதன் பிறகும் கேட் திறக்கவில்லை, எதிர்த்திசையில் இன்னொன்று வரவேண்டுமாம். ஊருக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுத்தவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் கேட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டாவது சத்தம் வந்தது. முதல் சத்தம் இதற்குக் கால்தூசி. அது அடங்கவே இல்லை. பஸ்ஸிலிருந்த பத்துப்பதினைந்து பேரும் மைதானத்துப் பக்கம் திரும்பினார்கள். அவள் மட்டும் மடியிலிருந்த குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட் திறக்கும் நேரத்தில் பின்னால் இன்னொரு பஸ் வந்து ஒட்டி நின்றது. ஐந்து ஐம்பத்திரண்டு. படிக்கட்டிலும் ஜன்னலிலும் ஆட்கள் தொங்கினார்கள். தகர மேளமாகப் பஸ்ஸின் வயிற்றில் அடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைக் கத்தினார்கள்: பெஞ்சு, பெஞ்சு, பெஞ்சு.

டைம்கீப்பருக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

எண்பத்திரண்டாவது நிமிடத்தில் இறக்கியிருக்கிறார்கள். இறங்கியதும் முதல் கோலுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தவன் அவன். கூடுதல் நேரத்தில், இடதுபக்கத்திலிருந்து வந்த பந்தை இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே எம்பி நெற்றியால் அடித்து உள்ளே போட்டவனும் அவன். இரண்டுக்கு இரண்டு. வங்கி அணி அந்த வருடம் ஜெயிக்க முடியாமல் திரும்பிய ஒரே ஆட்டம் அது. இதையெல்லாம் டைம்கீப்பர் தெருத்தெருவாக மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டார். ஒவ்வொருவனும் ஒவ்வொரு மாதிரி சொன்னான். எல்லாரும் ஒன்றை மட்டும் தவறாமல் சொன்னார்கள்: கோல் போட்டதும் பையன் கிழக்கு காலரியைப் பார்த்தானாம், மூன்றாவது வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்ததாம்.

மறுநாள் காலை மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். நன்றாக ஆடினாயாமே என்றார் டைம்கீப்பர். ஏதோ பட்டது மாமா என்றான் அவன். அவள் இருவர் தட்டிலும் பரிமாறினாள். பிறகு தம்பியின் சட்டையைத் துவைக்கப் போட எடுத்து, தோளில் ஒட்டியிருந்த மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குக் கிடைத்தது அந்த மண்தான்.

அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று டைம்கீப்பர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் அவனை முதலிலிருந்தே ஆடவைப்பதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். கடைசிவரை இருப்பேன், எந்த பஸ்ஸும் வேண்டாம். அதைச் சொல்லும் தருணத்துக்காக அவர் காத்திருந்த வாரத்தில், பயிற்சியின்போது பையனின் வலது முழங்கால் மடங்கியது. மூன்று மாதம் கட்டுப் போட்டிருந்தான். பிறகு நடந்தான், ஆனால் ஓடவில்லை. துறைமுகத்திலேயே எடைமேடையில் லாரி எடை குறிக்கும் வேலை கொடுத்தார்கள். கல்யாணம் செய்துகொண்டு வேறு தெருவுக்குக் குடிபோனான். பன்னிரண்டு நிமிட ஆட்டம், ஒரு கோல், அவ்வளவுதான் அவன் கணக்கில்.

அவள் மைதானத்துக்கு வருவதை விட்டுவிட்டாள். கூப்பிட்டால், நீங்கள் போய் வாருங்கள் என்பாள். முகம் சுளித்தோ முனகியோ அல்ல, உப்பு வாங்கிவரச் சொல்கிற குரலில். திட்டியிருந்தால் அவர் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பார். இதற்கு என்ன சொல்வது?

அவர் மட்டும் போனார். கடைசி விசில் வரை உட்கார்ந்தார். விசிலுக்குப் பிறகும் உட்கார்ந்தார். காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கும்வரை எழமாட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவருக்கே தெரியும். ஊர் மட்டும் அவரை எண்பது என்றே கூப்பிட்டது. ஊர் ஒருமுறை வைத்த பெயரை லேசில் மாற்றாது.

பதிமூன்று வருடம் கழித்து அவர் ஓய்வுபெற்றார். பணிமனையில் மேசை போட்டு, மைக் வைத்து, ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசி, கடைசியில் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. டிரைவர்கள் வேண்டுமென்றே செய்திருந்தாலும் ஆச்சரியமில்லை. விழாவுக்கு வந்திருந்த மைத்துனன் கடிகாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். இருவரும் பஸ் ஏறினார்கள். பஸ் மைதானத்து மதிலைச் சுற்றிப் போய் ரயில்வே கேட்டில் நின்றது. கேட் மூடியிருந்தது.

அவர் அன்றுதான் கேட்டார். வேலை முடிந்ததில் ஏதோ ஒரு பிடி தளர்ந்திருக்க வேண்டும்.

“மாப்ள, அன்னைக்கு கோல் போட்டுட்டு மேல பார்த்தியாமே. நாங்க இல்லாதது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?”

அவன் பெட்டியை மடியில் நேராக வைத்துக்கொண்டான்.

“யார் சொன்னா? நான் மேல பார்க்கவே இல்லையே மாமா.”

“பார்க்கலையா?”

“அதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். கோட்டோரமா ஓடிக்கிட்டிருக்கும்போது நீங்க ரெண்டு பேரும் படியிறங்கினீங்க. கையத் தூக்கினேன். நீங்க கவனிக்கல. அப்புறம் எதுக்குப் பார்க்கணும்? எண்பது ஆயிடுச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

அதில் குத்தல் இல்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னான். பதிமூன்று வருடமாக அவர் மனதில் ஒரு பையன் காலரியை அண்ணாந்து பார்த்துத் தேடிக்கொண்டே இருந்தான். தேடக்கூட இல்லை என்பது அதைவிட மோசமாக இருந்தது. பிள்ளை தங்களை எதிர்பார்க்கவே இல்லை. அப்படி அவனைப் பழக்கியவர் அவர்தான். கேட் திறந்து பஸ் நகர்ந்ததுகூடத் தெரியவில்லை.

வீட்டில் மனைவி இருவருக்கும் தேநீர் கொடுத்தாள். தம்பி குடித்துவிட்டுப் போனதும் கடிகாரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, எங்கே மாட்டலாம் என்று சுவரைப் பார்த்தாள். ஏற்கெனவே இரண்டு இருந்தன. அவர் அவள் பின்னால் வந்து நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவில் இல்லை.

“அன்னைக்கு நாம இருந்திருக்கணும். நீ சொன்ன. நான்தான் கேக்கல. தப்பு என்னோடதுதான்.”

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. கடிகாரத்தை மேசைமேல் படுக்கவைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“இந்த வார்த்தைய அந்த ரயில்வே கேட்லயே சொல்லியிருக்கலாம்ல? வீட்டுக்கு வந்தப்புறமாவது சொல்வீங்கன்னு பார்த்தேன். அப்புறம் ஒரு வாரம் பார்த்தேன். அவன் கால் போனப்ப, இப்பவாவது சொல்வாருன்னு பார்த்தேன்.”

அவர் தலை குனிந்திருந்தது.

“அப்ப சொல்லியிருந்தீங்கன்னா உங்க மேல விழுந்து அழுது தீர்த்திருப்பேன். இப்ப எனக்கு அழுகைகூட வரலைங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அவர் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்று தொங்குவதைப் பார்த்துவிட்டு, ஊசிநூல் எடுக்க உள்ளே போனாள்.