புகார் வரும் இடத்தில் கசிவு இருக்காது

கண்ணை மூடிக்கொண்டு, இரும்புக் கம்பியின் ஒரு முனையை இன்ஜின் மேலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்திருக்கிறான் என் தம்பி. கார் வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. இந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. சமையலறையில் பாத்திரம் உருளக் கூடாது. மாடியில் குடியிருக்கும் நான் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறப்பான். சட்டைப் பையிலிருந்து நீலச் சாக்பீஸை எடுத்து, ஏதாவதொரு ரப்பர் ஹோஸின் மேல் பெருக்கல் குறி போடுவான். “இங்கதான்க்கா” என்பான். நேற்றும் அப்படித்தான் சொன்னான், வேறோர் இடத்தைக் காட்டி. காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால், ஒரு விடைகூடச் சரியாக எழுதாத பையனின் பரீட்சைத்தாள் போல இருக்கும்.

குடிநீர் அலுவலகத்தில் அவனுக்குக் கசிவு பிடிக்கிற வேலை. தெருச் சத்தம் ஓய்ந்த பிறகு கம்பியைத் தார்ச்சாலையில் ஊன்றி, மண்ணுக்கடியில் போகும் குழாயில் எங்கே ஓட்டை என்று காதால் கேட்டே சொல்லிவிடுவான். அவன் குறி போட்ட இடத்தில் தோண்டினால் தண்ணீர் இருக்கும். கூடப்பிறந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை. அலுவலகத்தில் அவன் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, எல்லோருக்கும் அவன் ‘காது’. ஒரு விழாவில் அவனுடைய மேலதிகாரி, இந்த ஊருக்கே இவர்தான் காது என்று மேடையில் சொன்னபோது முதலில் கைதட்டியது நான்தான். அவ்வளவு கூர்மையான காது, சின்ன வயதில் நான் கடைக்குப் போகச் சொன்னபோது மட்டும் ஏன் கேட்கவில்லை என்று கேட்க வாய் துடித்தது. சபையாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

தொழிலில் அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. “புகார் வர்ற இடத்துல லீக் இருக்காதுக்கா. தண்ணி ஒரு இடத்துல புறப்பட்டு, இன்னொரு இடத்துலதான் தலைகாட்டும்.” துணிக்கடைக்காரர் ஒருவர் தன் கடையின் தரை ஊறுகிறது என்று புகார் கொடுத்தார். இவன் அடுத்த தெருவில், பள்ளிக்கூட வாசலில் தோண்டச் சொன்னான். குழாய் உடைந்திருந்தது அங்கேதான். அன்றிலிருந்து புகார் கொடுப்பவர்கள் சொல்வதை மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொள்வான், வீடு எங்கே என்று விசாரித்துக்கொள்வான், பிறகு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பிப்பான். தெருவுக்கு அது நல்ல கொள்கைதான். அதை அவன் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்ததுதான் வினை.

காருக்கு வயதாகிவிட்டது. இன்ஜின் சூடேறாமல் இருக்க ஊற்றுகிற பச்சை நிறக் கூலன்ட், டப்பாவில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. எங்கே போகிறது என்று தெரியவில்லை. நடுவழியில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றதும் உண்டு. தம்பி ஹோஸ்களை மாற்றினான். கிளிப்புகளை மாற்றினான். ரேடியேட்டர் மூடியை மாற்றினான். வாட்டர் பம்பைக் கழற்றி, அதில் ஒரு குறையும் இல்லை என்று கண்டுபிடித்து, கழற்றிய பாவத்துக்காக அதையும் மாற்றினான். இரவில் காருக்கடியில் வெள்ளை அட்டை விரித்து வைப்போம். அட்டை சுவருக்கு இணையாக, சுருக்கமில்லாமல் இருக்கும்படி விரித்துக் கொடுப்பது நான். கசிவு தேடுவதானாலும் வேலை ஒழுங்காக இருக்க வேண்டும் அல்லவா? காலையில் அட்டையை எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு இருக்காது. உலகத்தில் மற்றவர்கள் கார் ஒழுகினால் கவலைப்படுவார்கள். என் தம்பி ஒழுகவில்லையே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான்.

அவன் மனைவி நர்ஸ். தினமும் அந்தக் காரில்தான் அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுகிறான். அவள் உட்காரும் பக்கத்தில் கால்மிதி எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அவள் ஒருநாள் சொன்னாள். உன் தண்ணீர் பாட்டில் ஒழுகுகிறது என்றான். புது பாட்டில் ஒன்று வாங்கியும் கொடுத்தான், நல்ல மனசு. மிதி மறுபடி நனைந்தது. மூடியைச் சரியாகத் திருகப் பழகு என்றான். காருக்குள் ஏதோ தித்திப்பு வாடை வருகிறது என்றாள். உன் கைப்பையில் மிட்டாய் இருக்கும் என்றான். முன்கண்ணாடியில் உள்பக்கம் பிசுபிசுவென்று புகைபோலப் படிகிறதே என்று கேட்டதற்கு, நீ ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறாய், மூச்சுப் படுகிறது என்று விளக்கம் சொன்னான். அவள் அந்த வாரம் முழுக்க வாயே திறக்காமல் வந்து பார்த்தாள். கண்ணாடி அப்போதும் மங்கியது. கோபமாக மூச்சு விடுகிறாய் என்றான்.

அவள் சண்டை போடவில்லை. பழைய வண்டிகளை வாங்கிப் பிரிக்கிறவர் ஒருவரைப் பிடித்து, திங்கட்கிழமை வந்து காரை எடுத்துக்கொண்டு போகும்படி ஏற்பாடு செய்துவிட்டு வந்து சொன்னாள். ஒரு சலுகையும் கொடுத்தாள். மலைமேல் இருக்கிற அவளுடைய அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்வர வேண்டும், வழியில் எங்கும் நிறுத்தி ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. அப்படிப் போய்வந்தால் கார் தம்பிக்கு. இல்லையென்றால் பிரிக்கிறவருக்கு.

தம்பிக்குக் காரைவிட மானம் பெரிதாகிவிட்டது. “லீக் பிடிக்கிறவன் வண்டியே லீக்ல போச்சுன்னா, ஆபீஸ்ல என்னை வெச்சுச் செய்வானுங்கக்கா” என்று என்னிடம் புலம்பினான். ஆறுதலாக எதுவும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அது உண்மை.

சனிக்கிழமை காலை. இன்ஜினுக்குள் குறி போட இடமே மிச்சமில்லை. தம்பி கம்பியும் கையுமாக நின்றான். பக்கத்துக் குழாயடியில் அவன் மனைவி தன் யூனிஃபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தாள். கான்வாஸ் ஷூவோடு போடுகிற வெள்ளைக் காலுறைகளைத் தனியாக ஒரு வாளியில் முக்கினாள். வாளித் தண்ணீர் மெல்லப் பச்சையாகியது. நான் மாடிப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தம்பியும் பார்த்தான். கம்பியைக் கீழே வைத்தான், வாளிக்கு முன்னால் குந்தினான். விரலை நனைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தான். வழுவழுத்தது. மூக்கருகே கொண்டுபோனான்.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?” என்றான்.

“என் தண்ணி பாட்டில்லேர்ந்துங்க” என்றாள் அவள், துவைப்பதை நிறுத்தாமல். “மூடி சரியாத் திருகலை போல.”

தம்பி வாளியைப் பார்த்தான், காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. காருக்குள் சூடான காற்று வருவதற்கென்று, டாஷ்போர்டு என்கிற முன்பலகைக்குப் பின்னால் சின்னதாக இன்னொரு ரேடியேட்டர் இருக்கிறது. அதற்குள்ளும் இதே கூலன்ட்தான் ஓடுகிறது. ஓட்டை அதில். ஒழுகியதெல்லாம் அவள் காலடியில். தெருவையே காதால் அளந்தவன், மனைவியின் கால் வைக்கும் இடத்தில் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. அந்தச் சின்ன ரேடியேட்டரை மாற்ற வேண்டுமானால் முன்பலகை முழுவதையும் கழற்ற வேண்டும், அதற்கு நேரமில்லை. அதற்குப் போகும் ஹோஸ் ஒன்று, வரும் ஹோஸ் ஒன்று. இரண்டையும் பிடுங்கி, நடுவில் ஒரு பித்தளைக் குழாய்த்துண்டைச் செருகி ஒன்றோடொன்று இணைத்தான். இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினான். ஹீட்டர் இனி வேலை செய்யாது, குளிர்காலத்தில் கம்பளி போர்த்திக்கொள்ளலாம் என்றான். கால்மிதியை எடுத்துத் தானே அலசிக் காயப்போட்டான். கல்யாணமானதிலிருந்து அவன் துணி காயப்போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு முனை உயர்ந்தும் ஒரு முனை தாழ்ந்தும் தொங்கியது. நான் போய் நேராக்கினேன்.

தப்பை ஒப்புக்கொண்டானா என்றால், அவனுடைய பாணியில். “நான்தான் சொன்னேனே, தண்ணி நாம நெனைக்கிற இடத்துல இருக்காதுன்னு.”

“யாரு நெனைக்கிற இடத்துல?” என்று கேட்டாள் அவள். அவனுக்குச் சட்டென்று கிளிப் ஒன்றை இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினோம். டப்பாவில் கூலன்ட் எதுவரை இருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் நான் பின்சீட்டில் ஏறினேன். மலை ஏற ஏற, தம்பி சாலையைப் பார்த்ததைவிடச் சூடு காட்டும் முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். முள் அசையவில்லை. மேலே போய்ச் சேர்ந்து, இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, முன்மூடியைத் தூக்கினோம். கூலன்ட் கோட்டிலேயே இருந்தது. அவள் அக்கா, கார் இன்னுமா ஓடுகிறது என்று அதிசயப்பட்டாள். தம்பி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது ஊருக்குள் ஒரு சிக்னலில் நின்றோம். அவன் மனைவி கைப்பையிலிருந்து போனை எடுத்து, வண்டி பிரிக்கிறவரை அழைத்தாள். நாளைக்கு வர வேண்டாம், வண்டியை இப்போதைக்கு விற்கவில்லை, வீண் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. உடம்பை வளைத்துக் குனிந்து, கையை நீட்டி, அவள் காலடியில் இருந்த மிதியின் மேல் உள்ளங்கையைப் பதித்தான். அவள் பேச்சை நிறுத்தாமல், இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள். சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் வரிசையாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். அவன் கையை எடுக்கவில்லை. இடம் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.