தீபத்தன்று எடுத்த எக்ஸ்ரே

சித்தப்பா ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிலிம் கழுவும் வேலையில் இருந்தார். பத்தாவது தேறாதவர். ஆனால் எலும்பில் விரிசல் எங்கே என்று டாக்டர் சொல்லும் முன்பே சொல்லிவிடுவார் என்று எங்கள் தெருவில் பேச்சு.

அந்த வருஷம் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அக்கா வெடித்த நட்சத்திரத்தை வரைந்தாள். வெடித்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆனாலும் சிதறிய மிச்சம் சூடாகவே இருக்குமாம். அந்தச் சூட்டிலிருந்து எக்ஸ்ரே வருமாம். கண்ணுக்குத் தெரியாது, அதைப் பார்க்கத் தனி டெலஸ்கோப் இருக்கிறதாம். வீட்டில் யாரும் நம்பவில்லை. சித்தப்பா மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ அங்க மெஷின் வேணாம். நட்சத்திரமே மெஷின். நாம பிலிம மட்டும் காட்டணும். அவ்ளோதான?"

"கிட்டத்தட்ட அப்டித்தான் சித்தப்பா" என்றாள் அக்கா.

நாலாவது படித்த எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தீபத்தன்று வேலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு பெட்டி புது பிலிம் வந்தது. கூட்டத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் சித்தப்பா அதை வீட்டில் வைத்தார். யாரும் தொடக்கூடாது என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

ஆறு மணிக்கு மலைமேல் தீபம் ஏறியது. எல்லோரும் மாடியில் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கீழே பெட்டியைத் திறந்து, கறுப்பு உறையைக் கிழித்து, ஒரு பிலிமை உருவினேன். அவர்கள் இறங்கியதும் மாடிக்குக் கொண்டுபோனேன். தீப வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடக் கூடாதே என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

விடிந்ததும் சித்தப்பாவிடம் கொடுத்தேன். "நட்சத்திரம் புடிச்சிட்டேன். கழுவிக் குடுங்க."

அவர் பிலிமைப் பார்த்தார். கிழிந்த உறையைப் பார்த்தார். பெட்டியிலிருந்த பிலிம் முழுவதும் வெளிச்சம் பட்டுக் கெட்டிருந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பெரிய டாக்டரு என்னா சொல்வாரோ. வேலையே போயிடும்."

"நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றார். பிறகு என்னிடம், "தொட்டிக்குப் பின்னால எதுக்கு வெச்ச?"

"தீபம் படக்கூடாதுல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படம் முழுக்கக் கறுப்பாக வந்தது. நான் அழுதேன். சித்தப்பா அதை அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லி, கீழே என் பெயரை எழுத வைத்தார். நாலு நாள் நட்சத்திர எக்ஸ்ரே பற்றி அக்காவைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு கண்காட்சிக்கும் வந்தார். பார்க்க வந்த அதிகாரி, இதில் ஒன்றுமே இல்லையே என்றார். அக்கா தடுமாறினாள். சித்தப்பா பின்னாலிருந்து சொன்னார்.

"சும்மா வெளிச்சம் பட்டுக் கறுத்தது சார். நட்சத்திரத்தோட எக்ஸ்ரே காத்தத் தாண்டிக் கீழ வராது. அதனாலதான் டெலஸ்கோப்ப மேல அனுப்பிட்டாங்க. எங்க பாப்பா கீழருந்தே பாத்துச்சு."

அதிகாரி அந்தக் கறுப்புப் படத்தின் முன்னால்தான் வெகுநேரம் நின்றார். அக்காவுக்கு முதல் பரிசு.

அக்கா இன்று கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். நான் எட்டாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் வானத்தைப் படமெடுத்ததாக ஒருநாள் என் பெயர் சுவரில் இருந்தது. அது இருக்கிறது எனக்கு.

கண்காட்சிக்கு அடுத்த வாரத்திலிருந்து சித்தப்பா பிலிம் கழுவும் இருட்டறைக்குப் போகவில்லை. நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளினார். ஏன் என்று கேட்டேன்.

"இருட்டுல நின்னு நின்னு அலுத்துப்போச்சு பாப்பா. இங்க காத்தாட இருக்குது."

பெட்டியைத் திறந்தது யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருப்பார்கள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. என் படத்தால்தான் சித்தப்பாவுக்கு நல்ல வேலை கிடைத்தது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன்.