ஆடி மாத மண்டபத்தில் பாதி ஆட்டம்

ராசிபுரம் தாண்டியதும் பேருந்து பஞ்சர். விதிப்படி ஸ்டெப்னி இருக்கிறது, காற்றுதான் இல்லை. ஓட்டுநர் டயரை உருட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார். நான் எதிரே உள்ள கல்யாண மண்டபத்துக்குள் ஒதுங்குகிறேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை. அதனால் தரையில் லாரி ஸ்டிக்கர் பட்டையால் கோடு ஒட்டி, வலை கட்டி இறகுப்பந்து ஆடுகிறார்கள்.

அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள். இந்தப் பக்கம் ஒரே ஒரு பெண், முதுகில் ‘இந்தியா’ என்று எழுதிய பனியன். வலப்பாதியில் பாய்ந்து பாய்ந்து அடிக்கிறாள். இடப்பாதியில் விழும் பந்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

தண்ணீர் குடிக்க வந்தவளிடம் கேட்கிறேன். “ஏம்மா, பாதிப் பந்தை விட்டுடறியே?”

“அது என் ஜோடி மலரோட எடங்க. மொழங்கால் ஆபரேசன் பண்ணி ஆறு மாசமா ஊட்டுல இருக்கறா. அதையும் நானே அடிச்சுப் பழகிட்டா, அவ வந்தப்பறம் ரெண்டு பேர் பேட்டும் மோதிக்குங்க.”

“வேற ஜோடி சேர்க்கச் சொல்லலையா?”

“சங்கத்துல சொல்லாம இருப்பாங்களா? வெளிநாட்டுப் போட்டிக்கு வெள்ளிக்கெழமைக்குள்ள பேர் குடுக்கோணும். அவ வியாழக்கெழமை வாரேன்னிருக்கறாங்க.”

பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துக் காட்டுகிறாள். அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் மலரின் இடம் காலியாக இருக்கிறது. ஒரு கையெழுத்துக் குறைந்த விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவன் நான்.

நடத்துநர் விசில் ஊதுகிறார்.

“மலர் ஆடலாம்னு டாக்டர் சான்றும் வைம்மா, ரெண்டு நகலோட. திருப்பி அனுப்ப அவங்களுக்கு ஒரு காரணமும் குடுக்காதே.”

“செரிங்க சார்” என்றவள் தன் வலப்பாதிக்கே திரும்பிப் போகிறாள்.