எதிர்வீட்டுக் கிளட்ச் லீவர்

ஐப்பசி 14, வெள்ளிக்கிழமை, காலை 8.10 மணி
பொருள்: வளைந்த லீவர்

சேவூர் சாலையில் விழுந்து வளைந்த தம் பைக்கின் கிளட்ச் லீவரை, எதிர்வீட்டுத் தனபால் இன்று சமையல் அடுப்பிலேயே நிமிர்த்திவிட்டார். அலுமினியத்தின்மேல் சோப்பைத் தடவிச் சூடாக்கி, சோப்பு கறுத்ததும் மெல்ல அழுத்தினாராம்.

சென்ற மாதம் என் லீவரைச் சூடாக்காமலே நிமிர்த்தினேன். இரண்டாக உடைந்தது.

என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எவ்ளோ பொறுமையா பண்ணிகினு இருந்தாரு! நீங்களும்தான் கீறீங்களே!"

"சோப்பு விஷயம் எனக்கும் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுமா ஒடைச்சீங்க?"

தனபாலின் பைக்கும் என்னுடையதும் ஒரே மாடல். ஆகவே, கடையில் வாங்கி மாட்டிய என் புது லீவரைக் கழற்றி எடுத்துச் சென்று, பாராட்ட வந்ததாகச் சொல்லி, அவருடையதோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். எனக்கு எந்த வேறுபாடும் புலப்படவில்லை.

இணைப்பு: இரண்டு லீவர்களின் படம். இடப்பக்கம் இருப்பது அவருடையது. அதில் இம்மியளவு கோணலாவது கண்டவர்கள் தவறாமல் கீழே எழுதவும்.