பெற்றோல் போத்தலும் நெருப்புப்பெட்டியும்

மேடு ஏறும்போதெல்லாம் எங்கள் பழைய காரின் எஞ்சின் டக் டக்கென்று தட்டும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீட்டுக்குக் கிட்டப் புதிதாகத் திறந்த பெற்றோல் நிலையத்தில் இரண்டு முறை அடித்ததும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. வேறு யாரென்றாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. அதே விலைக்கு நல்ல பெற்றோலை யார் தருவார்கள்?

வேலையிடத்து நண்பர் ஒரு வழி சொன்னார். "போத்தலிலை கொஞ்சம் தண்ணி விட்டு, மேலை பெற்றோலை ஊத்திக் குலுக்கிப் பாருங்கோ அண்ணை. அடியிலை தண்ணி கூடினால் கலப்படம்தான்."

ஊறுகாய்ப் போத்தல் ஒன்றில் பெற்றோல் பிடித்து வந்தேன். வெளியே பனி கொட்டியதால் குசினி மேசையிலேயே வைத்துக் குலுக்கினேன். அடியில் நின்ற தண்ணீர் கண்முன்னே உயர்ந்தது. கள்ளனைப் பிடித்துவிட்ட திருப்தியில் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாமிக்கு விளக்கு வைக்க வந்த மனைவி, நெருப்புக்குச்சியைக் கையில் எடுத்தவள், அப்படியே நின்றாள்.

"என்னப்பா, பெற்றோல் மணக்குது?"

அவள் உரசியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அடுத்த நாள் நிலையத்துக்குச் சண்டை பிடிக்கப் போனபோது அவளும் கூட வந்தாள். பம்பில் பிரெஞ்சில் ஒட்டியிருந்ததை வாசித்தாள். "எத்தனோல் நூற்றுக்குப் பத்து வீதம் வரைக்கும் கலந்திருக்காம். ஒருத்தரும் ஒளிச்சுச் செய்யேல்லையப்பா."

எஞ்சின் தட்டாமல் விட்டது எத்தனோல் என்ற அந்த மதுசாரத்தால்தான். போத்தலில் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கி, தண்ணீர் கூடியதுபோலக் காட்டியதும் அதேதான்.

இப்போது சந்தேகம் வந்தால் பம்பில் ஒட்டியிருப்பதை முதலில் வாசிக்கிறேன். பெற்றோலை வீட்டுக்குள் கொண்டுவருவதே இல்லை. ஆனால் மனைவி இன்றும் விளக்கு வைக்கமுன் காற்றை ஒருமுறை மோந்து, பிறகு என்னையும் பார்த்துவிட்டுத்தான் குச்சியை உரசுகிறாள்.