பிள்ளையார் மேடையிலிருந்து இறங்கிய பம்பு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாகக் காலம் போய்விட்டது. படிப்பு அதிகம் இல்லாதவன் என்பது ஒரு காரணம். தெய்வ காரியத்தில் ஏதாவது பிசகாக எழுதிக் குற்றமாகிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம். ஆனால் சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் காதில் விழுந்த பேச்சு, இனிமேலும் சும்மா இருக்கக் கூடாது என்று செய்துவிட்டது. அது என்ன பேச்சு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடந்தது அறுபதுகளில், பம்பாயில், ஒரு சித்திரை மாதம். அப்போது நான் தாராவியில் குடியிருந்தேன். வேலை செம்பூருக்கு வெளியே, குன்றின் அடிவாரத்தில் இருந்த ஒரு சாயப் பட்டறையில். முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேலை செய்கிறவர்களிலும் பாதிப் பேர் ஊர்ச் சனங்கள்தான். சாயத் தொழிலில் துணியைவிடத் தண்ணீர்தான் முக்கியம். சாயத்தில் தோய்த்த துணியைத் திரும்பத் திரும்ப அலச வேண்டும். அலசத் தண்ணீர் இல்லையென்றால் சாயம் திட்டுத் திட்டாகப் போய்விடும். அந்தத் தண்ணீருக்குப் பட்டறைக்குள் பாறையில் வெட்டிய ஒரு கிணறு. அதிலிருந்து தொட்டிக்கு ஏற்ற ஒரு மின்சார பம்பு. அந்த பம்பைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

பம்பு இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் குன்றிலிருந்து வந்த வெள்ளம் பட்டறைக்குள் புகுந்து மோட்டார் முழுகிக் கெட்டுப்போனது. அதனால் முதலாளி கிணற்றோரம் நெஞ்சு உயரத்துக்குக் கருங்கல் மேடை கட்டினார். அதே மேடையின் ஓரத்தில் ஒரு சின்னப் பிள்ளையாரையும் வைத்தோம். ஆயுத பூஜை அன்று புது பம்பை மேடையில் ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, பிள்ளையாருக்கு எதிரே கிழக்குப் பார்த்துப் பூட்டினோம். அதன் பிறகு பட்டறைக்கு வேலை வந்து குவிந்தது. தினமும் காலையில் நான் குளித்து, திருநீறு பூசி, பிள்ளையாருக்கு ஒரு பூ, பம்புக்கு ஒரு பூ வைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவேன். எங்களுக்கு அந்த இரண்டும் வேறு வேறாகத் தோன்றியதே இல்லை.

அந்தச் சித்திரையில் கிணறு மிகவும் கீழே போய்விட்டது. ஒருநாள் பம்பு ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பி மறுபடி போட்டேன். கொஞ்சம் வந்தது; பிறகு பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம், நின்றுவிட்டது. குழாயைக் கழற்றினேன், அதன் அடி நுனியில் இருக்கும் வால்வைத் துடைத்தேன், வாஷர் மாற்றினேன், குடம் குடமாக ஊற்றினேன். எல்லாத் தடவையும் அதே பெருமூச்சுதான்.

முதலாளி வந்து பார்த்தார். முகம் இருண்டுவிட்டது. "வர்ற வெள்ளிக்குள்ள தண்ணி ஏறலைன்னா, மழை வரைக்கும் பட்டறைய மூடிர வேண்டியதுதான். வேற வழியே கெடையாது" என்றார்.

மழை வர ஆனி ஆகும். அதுவரை அத்தனை குடும்பமும் என்ன செய்யும்? ஊருக்கு ரயில் ஏறினவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது. என் பிள்ளைகளை அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

புதன்கிழமை முதலாளி என்னை அனுப்பினார். "இத மாதிரி ரெண்டு மடங்கு பலமுள்ள பம்பா பாத்து வாங்கிட்டு வா" என்பது உத்தரவு. ஹார்பர் லைன் வண்டியில் மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி, மெஷின் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் போனேன். முதலில் கண்ணில் பட்ட பெரிய கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் குஜராத்தி பேசும் போரா முஸ்லிம். வெள்ளைத் தொப்பி, ஓரத்தில் தங்கச் சரிகை, கறுத்த தாடி. என் வயதுதான் இருக்கும். அவர் பேசியது பம்பாய் இந்தி. எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன்.

பெரிய பம்பு வேண்டும் என்றேன். எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பம்போட வாயிலேருந்து தண்ணி வரைக்கும் எத்தனை அடி, அண்ணா?"

கிணற்றின் ஆழத்தைச் சொன்னேன்.

"கிணத்தை யார் கேட்டா? பம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?"

எனக்குத் தெரியவில்லை. யாரும் அதை அளந்ததில்லை.

"அப்போ இன்னிக்கு வியாபாரம் இல்லை. அளந்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, டீ வரவழைத்து என் கையில் கொடுத்தார்.

டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன். "சேட்ஜி, வெறுங்கையோடு போனால் பட்டறையை மூடிவிடுவார்கள். நீங்கள் தராவிட்டால் எதிர்க் கடையில் வாங்கத்தான் வேண்டும்" என்றேன்.

எதிர்க் கடையை ஒரு பார்வை பார்த்தார். "அவன் கொடுப்பான். நல்லாவே கொடுப்பான். நீ சனிக்கிழமை அழுதுக்கிட்டு வருவே" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, தம்பியைக் கூப்பிட்டுக் கடையை ஒப்படைத்துவிட்டு, ஒரு கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, "சல், வா, உன் கிணத்தைப் பார்ப்போம்" என்று தெருவில் இறங்கிவிட்டார். வெயில் கொளுத்துகிறது. அவர் என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

ரயிலில் நின்றபடியே எனக்குச் சொன்னார். "எல்லாரும் பம்பு தண்ணியை இழுக்குதுன்னு நினைக்கிறாங்க. கிடையாது. பம்பு குழாயில இருக்கிற காத்தை வெளியேத்துது. அப்புறம் வெளியில இருக்கிற காத்துதான் கிணத்துத் தண்ணியை அமுக்கிக் குழாய்க்குள்ள ஏத்துது. அந்தக் காத்துக்கு மேல இருக்கிற மாலிக் ஒரு அளவுதான் பலம் கொடுத்திருக்கான். இருபது அடின்னா சந்தோஷமா ஏத்தும். முப்பதுன்னா முடியாது. மேல தள்ளுறதுக்குத்தான் குதிரைச் சக்தி. நீ யானையையே கொண்டுவந்து கட்டினாலும் காத்தோட பலம் கூடுமா?"

இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போதும் கடவுளை மறக்காத அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று.

பட்டறைக்கு வந்ததும் மேடைப் பக்கம் கூட்டிப் போனேன். பிள்ளையாரைப் பார்த்தவுடன், யாரும் சொல்லாமலே, செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு வந்தார். கயிற்றில் கல்லைக் கட்டி பம்பின் வாய்க்கு நேராக இறக்கினார். நனைந்த இடத்தில் முடிச்சுப் போட்டு அளந்தார். முப்பது அடிக்கு மேலே.

முதலாளியிடம் சொன்னார்: "உங்க பம்புக்கு ஒரு நோயும் இல்லை. அது இருக்கிற இடம்தான் உயரம். கிணத்துல பாதி ஆழத்துல ஒரு பாறைத் திட்டு இருக்கே, அங்க இறக்கிடுங்க. இதே மோட்டார் தாராளமாப் போதும்."

நான் அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், எல்லாரும் பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பட்டறையில் சாயம் முக்குகிற பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி ஒரு அக்கா உண்டு. பிள்ளையாருக்கு விளக்கு வைப்பது அவள்தான். அவள் முன்னால் வந்தாள்.

"எய்யா, இவரு என்ன சொல்லுதாரு? சாமிக்கு எதுக்க பூச பண்ணி வச்சத பேத்து எடுத்துப் பள்ளத்துல போடணுமாக்கும்? வெளங்குமா?"

எனக்கும் உள்ளூர அதே பயம்தான். முதலாளியும் தயங்கினார். "சேட், ஒண்ணுக்கு ரெண்டு பம்பா வேணும்னாலும் குடும். எடத்த மட்டும் மாத்தச் சொல்லாதயும்" என்று இந்தியில் சொன்னார்.

"ரெண்டு கொடுத்தா எனக்கு லாபம்தான். ஆனா ரெண்டும் சேர்ந்து பெருமூச்சு விடும்" என்றார் சேட். பிறகு என்னைப் பார்த்து, "அந்த அம்மா கோபமாச் சொன்னது என்ன?" என்று கேட்டார்.

சொல்லக் கூசியது. அவருடைய மனசு புண்படுமோ என்று பயம். ஆனாலும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, வாதாடவும் இல்லை. மேடையோரம் நின்று கொஞ்ச நேரம் பிள்ளையாரையே பார்த்தார். பிறகு அக்காவிடம் நேராகவே பேசினார். நான் வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னேன்.

"அம்மா, இந்த ஊர்ல வருஷா வருஷம் கணபதியைத் தோளில தூக்கிக்கிட்டுப் போய் சமுத்திரத்துல இறக்குறாங்களே, பார்த்திருக்கீங்களா?"

"பாக்காம என்ன? எங்க தெரு வழியாத்தான போவாவ."

"தண்ணிக்குள்ள இறங்க அவரே வெட்கப்படலை. அவர் வாசல்ல வேலை பார்க்கிற பம்பு இறங்கினா குறைச்சலா? அவர் இங்கேயே இருக்கட்டும். மேல இருந்து பார்த்துக்கட்டும்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏ யாத்தே! இந்தத் தாடிக்கார அண்ணாச்சிக்கு நம்ம சாமிய நம்மளவிட நல்லாத் தெரியுதே!" என்றாள். உடனே முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு கேளு. மழை பெஞ்சு கெணறு ரொம்பினா மோட்டாரு முங்கிருமே, அதுக்கு என்ன சொல்லுதாரு?" என்றாள்.

நான் அதைச் சொன்னதும் சேட் கையைத் தட்டினார். "ஷாபாஷ்! என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி தோணாது. மழைக்கு முன்னாடி மேலே ஏத்தணும், வெயில் காலத்துல கீழே இறக்கணும். கிணத்துச் சுவத்துல ஒரு கோடு போடு. தண்ணி கோட்டைத் தொட்டா, சோறு ஆகலைன்னாலும் பம்பைத் தூக்கு."

மறுநாள் வியாழக்கிழமை, வேண்டிய குழாயோடும் சங்கிலிக் கப்பியோடும் அவரே வந்து இறங்கினார். பட்டறை மிஸ்திரி மின்சாரக் கம்பியைக் கிணற்றுக்குள் வரை நீட்டிப் போட்டார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அக்கா பம்புக்கு மாலை போட்டாள். சங்கிலியில் பம்பு ஆடி ஆடி இறங்கும்போது, "பைய, பைய! மாப்பிள்ளையப் பல்லக்குல இருந்து எறக்குத மாதிரி எறக்குங்கல" என்று அவள் சத்தம் போட, எல்லாரும் சிரித்தார்கள். சேட் மேல்கோட்டைக் கழற்றி மேடையில் மடித்து வைத்துவிட்டு என்னோடு கிணற்றுக்குள் இறங்கினார். தொப்பி தலையிலேயே இருந்தது. பாறைத் திட்டில் குனிந்து, போல்ட்டு போல்ட்டாக அவரே முறுக்கினார். அவ்வளவு பெரிய கடைக்காரரின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கிரீஸ்.

பம்பில் தண்ணீர் நிரப்ப வேண்டிய நேரம் வந்தபோது, "முதல் குடம் அந்த அம்மா கையால் வரட்டும்" என்றார். அக்கா மேலிருந்து கயிற்றில் இறக்கிய குடத்தை வாங்கி ஊற்றினேன். காற்று குமிழ் குமிழாக வெளியேறி அடங்கியது. மேலே ஏறி வந்து, "விநாயகா" என்று சுவிட்சைப் போட்டேன். சேட்டின் உதடும் அசைந்தது. "பிஸ்மில்லா" என்றார் என்று நினைக்கிறேன்.

குழாய் ஒரு தடவை உதறியது. பெருமூச்சு வருமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் விழுந்த சத்தம்தான் வந்தது. முதலாளி தொட்டிக்குள் கையை விட்டுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். பெண்கள் குலவை போட்டார்கள்.

பொழுது சாய்கிற நேரம். சேட் தயங்கித் தயங்கி என்னிடம், "தொழுகை நேரம் ஆயிடுச்சு. ஒரு ஓரமா இடம் கிடைக்குமா?" என்றார். அந்தப் புதுத் தண்ணீரில் கை, கால், முகம் கழுவினார். முதலாளியே உள்ளே போய், அலசி உலர்த்தியிருந்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வந்து விரித்தார். "மோட்டாரை நிறுத்தட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம், ஓடட்டும். அதுவும் நல்ல சத்தம்தானே" என்றார்.

அக்கா மற்றவர்களை அதட்டினாள்: "யாரும் சளசளன்னு பேசாதிய. அண்ணாச்சி சாமி கும்பிடுதாரு."

பேச்செல்லாம் அடங்கியது. மேடையில் அவள் விளக்கேற்றினாள். கொஞ்சம் தள்ளி அவர் நெற்றி தரையில் பட வணங்கினார். நடுவில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. நான் யாரைப் பார்த்துக் கை கூப்பினேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பட்டறை மூடவில்லை. அதன் பிறகு தை கழிந்ததும் தேங்காய் உடைத்து பம்பை இறக்குவதும், முதல் மழைக்கு முன் மாலை போட்டு மேலே ஏற்றுவதும் எங்களுக்கு ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. சேட் சொல்லிக் கொடுத்த அந்தக் கோடு கிணற்றுச் சுவரில் கடைசிவரை இருந்தது. யார் பம்பு வாங்கப் போவதாகச் சொன்னாலும், "முதலில் கயிறும் கல்லும் எடுத்துத் தண்ணீர் வரைக்கும் அளந்து பார்" என்று சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இப்போது அந்தக் கல்யாண வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். பந்தியில் என் பக்கத்தில் இருந்த ஒருவர், என்னை யாரென்று தெரியாமல், இந்தக் கதையை எனக்கே சொன்னார். செம்பூரில் ஒரு பட்டறையாம். தண்ணீர் இல்லாமல் தவித்தார்களாம். பிள்ளையார் ஓர் அம்மாளின் கனவில் வந்து, "என் பம்பைக் கிணற்றில் இறக்கு" என்றாராம். இறக்கினதும் தண்ணீர் கொட்டியதாம். அவ்வளவுதான் கதை. சேட் இல்லை. கயிறு இல்லை. கிரீஸ் பட்ட வெள்ளைச் சட்டை இல்லை. சாப்பாட்டைப் பாதியில் விட்டு, இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பிள்ளையார்தான் எங்களைக் காப்பாற்றினார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கனவில் வரவில்லை. கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வேகாத வெயிலில் ரயிலேறி வந்த ஒரு மனிதரை அனுப்பினார். நாங்கள் கேட்ட பம்பை விற்காமல், எங்கள் சாமியையும் குறை சொல்லாமல், எங்கள் அடுப்பை அணையாமல் காத்துவிட்டுப் போனாரே, அவரை நினைக்காமல் இன்றுவரை நான் பிள்ளையார் முன் நின்றதில்லை. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள்; ஆனால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். கனவைச் சேர்க்க வேண்டாம். அவர் தலையிலிருந்து அந்தத் தொப்பியைக் கழற்றவும் வேண்டாம்.