ஜெப்சி முதலாளியிடம் கேட்ட கேள்வி

தங்கச்சிமடத்து மீனவர் எட்வர்டின் மகள் ஜெப்சி, மதுரையிலுள்ள கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வாடிக்கையாளர்களின் தரவுகளை நகல் எடுத்து, அதாவது பேக்கப் செய்து, கணினிச் சாவி போட்டுப் பூட்டி வைப்பது அவள் பொறுப்பு. அவற்றில் மருத்துவமனைகளின் நோயாளி விவரங்களும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு நகல்கூடத் தவறியதில்லை.

முதலாளி முத்தழகு கடலாடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர். கெட்டிக்காரர்; வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அரசுகளையும் பெரிய கம்பெனிகளையும் எதிர்த்து இணையதளங்களை முடக்கும் ஹேக்கர் குழு ஒன்றின் ஆட்களை எனக்குத் தெரியும், டெல்லி மாநாட்டில் பெயர்களை வெளியிடப் போகிறேன் என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்துவிட்டு டெல்லிக்குப் போனார்.

குழு அதுவரை காத்திருக்கவில்லை. மதுரை அலுவலகத்து அய்யப்பனுக்கு முத்தழகு பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது: கடவுச்சொல் மறந்துவிட்டது, உடனே மாற்றிக் கொடு. முதலாளியிடம் மறுகேள்வி கேட்டுப் பழக்கமில்லாத அய்யப்பன் கொடுத்துவிட்டான். சற்று நேரத்தில் முத்தழகின் அஞ்சல்கள் மொத்தமும் ஊர் பார்க்க இணையத்தில் கிடந்தன. நிறுவனத்தின் சர்வர்களில் இருந்ததெல்லாம் அழிந்துபோனது. மிச்சம் ஜெப்சியிடம் இருந்த நகல்கள்தான்.

மதியம் அவள் கைபேசியில் ஒரு புது எண்.

"ஜெப்சி, முத்தழகு பேசுறேன். என் போனையும் முடக்கிட்டானுக. பேக்கப் சாவிய இந்த நம்பருக்கு அனுப்பு."

குரல் கரகரத்தது. அவர்தான் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவராக இருந்தால், மறுப்பது வேலைக்கே உலை வைக்கும். இல்லையென்றால், நோயாளிகளின் விவரமெல்லாம் தெருவுக்கு வந்துவிடும்.

கடலில் எட்வர்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வயர்லெஸ் இரைச்சலில் யார் குரல் என்று தெரியாது என்பதால், மீன் கிடக்கும் இடத்தைக் கேட்டுத் தம்பியே கூப்பிட்டாலும், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் இடத்தைச் சொல்வார். ஜெப்சி அந்தக் கேள்விகளைக் கேட்டே வளர்ந்தவள். அலுவலக விஷயம் எதைக் கேட்டாலும் திருடுபோன அஞ்சல்களில் பதில் இருக்கும். அஞ்சலில் ஏறாத ஒன்றைத் தேடிப் பிடித்தாள்.

"சார், கோயில் திருவிழாவுக்கு இங்கன வந்தப்ப எங்கய்யா படகுல போனீங்களே, என்ன நடந்துச்சு?"

"வெளயாடுற நேரமா இது? வாடிக்கையாளர் எல்லாரும் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"நல்லது சார். சொல்லுங்க."

"கடலப் பாத்தேன், வந்தேன்."

"அத யாரும் சொல்லலாம்."

"உன்னய வேலையவிட்டுத் தூக்கிருவேன்."

"தூக்குறது நீங்கதான்னு எனக்குத் தெரியணும்ல சார். தெரிஞ்சப்பறம் தூக்குங்க."

மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

"வாந்தி எடுத்தேன்," என்றார் முத்தழகு.

"எதுல?"

"ஒங்கய்யா ஐஸ் பெட்டில. வெயிலு ஒத்துக்கலன்னு வெளிய சொல்லச் சொன்னேன். போதுமா தாயி?"

"போதும் சார். ஆனா சாவிய போன்ல அனுப்ப மாட்டேன், நடுவுல எவனும் எடுத்துருவான். நானே தொறந்து புது சர்வர்ல ஏத்துறேன்."

அவர் மறுக்கவில்லை. ஜெப்சி நாற்காலியை இழுத்துப் போட்டு, மருத்துவமனைகளின் நகலை முதலில் ஏற்றத் தொடங்கினாள்.